நாய்களை விட்டுப் போன பசி

எங்கள் ஊர் நாய்களை விட்டுப் பசி போனது ஒரு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பால் வண்டி வந்து போன பிறகு, பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பு. டீக்கடை வாசலில் படுத்திருந்தது, கறிக்கடைப் பலகைக்கு அடியில் படுத்திருந்தது, பங்களா வீட்டில் சங்கிலியில் கட்டிக் கிடந்தது, எல்லா நாயும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று, குளிப்பாட்டி விட்டதும் உடம்பை உதறுமே, அப்படி மூக்கிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறிக்கொண்டன. தண்ணீருக்குப் பதிலாகப் பசி கீழே விழுந்தது. விழுந்த பசி எழுந்து, தான் இத்தனை நாள் குடியிருந்த நாயைச் சுற்றிச் சுற்றி வந்து, திரும்ப ஏற இடமில்லாமல், தெருவில் இறங்கி நடந்தது. கண்ணுக்குத் தெரியாது. சிமெண்டுத் தரையில் நகம் உரசும் சத்தம் மட்டும் கேட்கும், குறுக்கே வந்தால் ஒரு நாயின் கனம் காலில் இடிக்கும், ஈர மூக்கு முழங்காலில் படும். அன்றைக்கு ஊரில் பேச்செல்லாம் போன கரண்ட் எப்போது வரும் என்பதைப் பற்றித்தான் இருந்தது.

அதற்கு முன்னால் நாய் என்ன தின்றது என்று கேட்டால் எங்களில் யாருக்கும் நேராகப் பதில் சொல்ல வராது. நாங்கள் தின்று மிஞ்சியதைத் தின்றது. சாப்பாடு முடிந்து சட்டி கழுவுவதற்கு முன்னால், அடியில் ஒட்டிய சோற்றை வழித்து, ரசத்து மண்டியையோ கருவாட்டுக் குழம்பின் மிச்சத்தையோ ஊற்றிப் பிசைந்து, வாசலோரத்து உடைந்த சட்டியில் போடுவோம். கறி எடுத்த ஞாயிற்றுக்கிழமையில் எலும்பு, கல்யாண வீடென்றால் எச்சில் இலை, எதுவும் கிடைக்காத நாளில் வெளியே சொல்லக் கூசும் சமாச்சாரங்கள். அதில் எத்தனை புரதம், எத்தனை சுண்ணாம்புச் சத்து என்று ஒருவரும் அளக்கவில்லை. ஒரு நாய் பத்து வருஷம் இருந்தது, இன்னொன்று சொறி பிடித்து இரண்டே வருஷத்தில் செத்தது, நாங்கள் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு அடுத்த குட்டியைத் தூக்கி வந்தோம். அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் அந்த நாய்களைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

பிறகு எங்கள் ஊருக்கு நாய்த்தீவனக் கம்பெனி வந்தது. நாமக்கல் பக்கம் கோழிக்குப் பஞ்சமில்லை, கோழியில் மனிதன் தின்னாத தலைக்கும் காலுக்கும் குடலுக்கும் பஞ்சமில்லை. அதையெல்லாம் லாரியில் கொண்டுவந்து வேகவைத்து, அரைத்து, சோளமாவு கலந்து, மெஷினில் நசுக்கி, பொரித்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, மேலே கோழிக் கொழுப்பைத் தெளித்துப் பையில் அடைத்தார்கள். பையின் மேல் ஒரு வெள்ளைக்கார நாய் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ‘முழுமையான உணவு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தீவனத்துக்குப் பொறுப்பாக நாசரேத்திலிருந்து வந்திருந்த கால்நடை டாக்டர் ஐசக், சாயங்காலம் டீக்கடைக்கு வந்தால் எங்களுக்கு அந்தக் கதையெல்லாம் சொல்வார்.

“வெள்ளக்காரன் ஊருல, கப்பல்காரங்க தூர எறிஞ்ச காஞ்ச ரொட்டிக்கு நாயெல்லாம் அடிச்சுக்கிட்டதப் பாத்துட்டு, ஒருத்தன் நாய்க்குன்னே பிஸ்கோத்து போட்டு வித்தாம்னு சொல்லுவாவ. பொறவு மோட்டார் வந்துட்டு, யுத்தமும் முடிஞ்சிட்டு, குதிரைக்கு வேலை இல்லாமப் போச்சு. அத வெட்டி டப்பாவுல அடச்சான். அடுத்த யுத்தத்துல டப்பாவுக்குத் தகரம் கெடைக்கல, காஞ்ச தீவனத்துக்கு வந்தான். கடசியில, மனுசனுக்குச் சோளம் பொரிக்குத மெஷினுக்குள்ள கறிமாவ விட்டுப் பாத்தான். உருண்டை உருண்டையா விழுந்துச்சு. அதத்தான் நாம இங்க செய்யுதோம்.”

“ஏனுங் டாக்டரு, இத்தன கூத்தும் நாய்க்கோசரமா பண்ணுனாங்க?” என்று சலூன்காரர் கேட்டார்.

“நாய் எங்கவே காசு குடுக்கப் போகுது? வாங்குதவனுக்காகச் செஞ்சது. ஆனா நாயும் நல்லாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லப்படாது.”

அது உண்மைதான். உடைந்த உருண்டைகளைக் கம்பெனியில் ஊர்க்காரர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள், நாங்கள் சட்டி வழிப்பதை நிறுத்திவிட்டு உருண்டை போட்டோம், நாய்களின் சொறி போனது, மயிர் எண்ணெய் தடவினாற்போல மின்னியது. முழுமையான உணவு என்று சொல்லிக் கொடுத்தார்கள், நாய்களும் முழுமையாக நிறைந்துபோயின, அவற்றின் உடம்பில் பசி உட்கார ஒரு மூலைகூட மிச்சமில்லாமல் போனது. அதற்குப் பிறகும் அவை உருண்டை தின்றன. கையில் கிண்ணத்தோடு எதிரில் நிற்கிற மனிதனின் மனம் நோகக் கூடாதே என்று, விருந்தாளி மாதிரி நாசூக்காகத் தின்றன.

தெருவில் நின்ற பசிகளை என்ன செய்வது என்று ஊர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வாசலில் படுத்தால் தாண்டிப் போனோம். குறுக்கே வந்தால் “தள்ளு” என்றோம். மறுபடியும் உடைந்த சட்டியைத் தேடி எடுத்து அதில் மிச்சத்தைப் போட்டவர்கள் வீட்டில் பசி தின்றுவிட்டு வெளியிலேயே படுத்துக்கொண்டது. போடாதவர்கள் வீட்டில் உள்ளே வந்து, சாப்பிடுகிறவர்களின் மடியில் ஏறி, யாராவது ஒருவருக்குள் சுருண்டுகொண்டது. அதிலும் நாங்கள் லாபம் பார்க்கத் தவறவில்லை. பெண்டாட்டி போனதிலிருந்து வாய்க்கு ருசியில்லை என்று கிடந்த ரைஸ்மில் கணக்கப்பிள்ளை இட்லிச் சட்டியைக் காலி செய்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். சோறு உண்ண அழும் பிள்ளைகளின் தாய்மார்கள் அக்கம்பக்கத்தில் போய், “அக்கா, உங்க வூட்டுப் பசிய ரெண்டு நாளைக்குக் குடுங்கோ, திருப்பி அனுப்பீர்றேன்” என்று கேட்டு வாங்கிப் போனார்கள். பரோட்டாக்கடைக்காரர் தன் கடைவாசலில் ஒரு பசியைப் பழக்கி வைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்குச் சொந்தப் பசியா, நாய்ப் பசியா என்று விசாரித்தார்கள். மாரியம்மன் நோன்பில் பசிகளுக்குத் தனிப் பந்தி போட்டோம். இலையில் சோறு தானாகக் குறைவதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஊர்ப் பசிகள் சாதுவானவை. மிச்சம் தின்று வளர்ந்தவை அவை, ஒரு பிடி மிச்சம் கொடுத்துக் கையைத் தட்டினால் எழுந்து போய்விடும்.

கம்பெனிக் கூண்டு நாய்களின் பசி அப்படியில்லை.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு கூண்டு வரிசை இருந்தது. புதுத் தீவனம் எதுவானாலும் முதலில் அங்கேதான் வரும், அதற்கு ஆள் சுகந்தாமணி. சோதனை நாளைக்கு முந்தின நாள் நாய்களைப் பட்டினி போடுவாள். காலையில் நாய்க்கு முன்னால் இரண்டு கிண்ணம், ஒன்றில் பழைய தீவனம், ஒன்றில் புதுசு, வைத்துவிட்டுக் கதவைத் திறந்ததும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். நாய் கிண்ணத்தை விட்டு அவள் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பது விதி. எதில் முதலில் வாய் வைக்கிறது, எதை அதிகம் தின்கிறது என்று சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டவுடன், அது தின்றுகொண்டிருக்கும்போதே இரண்டு கிண்ணத்தையும் எடுத்துவிடுவாள். மறுநாள் கிண்ணங்களை இடம் மாற்றி வைப்பாள், ஏனென்றால் சில நாய் ருசி பார்க்காது, பழக்கத்தில் ஒரே பக்கமாகவே போகும். மாற்றி வைத்துப் பார்க்காமல் எந்தச் சோதனையும் முடிந்ததாகக் கணக்கில்லை. இப்படி வருஷக்கணக்காகப் பழகிய நாய்களின் பசிக்கு மிச்சம் என்றால் என்னவென்று தெரியாது. கிண்ணத்தின் அடியை அது ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூண்டுப் பசிகளும் கீழே விழுந்தன. பெரும்பாலானவை கோழி லாரி போன திக்கில் அதன் வாசனையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டன. ஒன்று மட்டும், தனக்குத் தெரிந்த ஒரே கையின் வாடையை மோப்பம் பிடித்தபடி, சுகந்தாமணியின் சைக்கிளுக்குப் பின்னால் நடந்து அவள் வீட்டுக்கு வந்தது. வீட்டில் அவளுடைய மகள் மிதுனா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. தட்டு இருந்த மடியில் பசி ஏறிவிட்டது.

முதலில் சந்தோஷப்பட்டார்கள். சுகந்தாமணியின் புருஷன் நாச்சிமுத்து டெம்போ ஓட்டுகிறவன், மகளுக்கென்று ஓட்டலில் நின்று பொட்டலம் கட்டி வருவான், “எங்க கண்ணு எப்புடித் திங்குது பாரு” என்று பூரித்துப்போவான். மிதுனா காலையில் கூழ் குடித்துவிட்டு இட்லி கேட்டாள், பள்ளிக்கூடத்துச் சத்துணவைத் தின்றுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் டப்பாவைக் கேட்டாள், வீட்டுக்கு வந்து மாட்டுக்கு ஊறவைத்த புண்ணாக்கை அள்ளினாள், சாக்பீஸ் தின்றாள், சுவரிலிருந்து சுண்ணாம்பைச் சுரண்டினாள். தின்னத் தின்ன இளைத்தாள். உள்ளே போனதெல்லாம் உள்ளேயிருந்த இன்னொன்றுக்குப் போனது, அவளுக்கு ஒரு பருக்கை சேரவில்லை. தட்டைச் சுற்றி இரண்டு கையையும் போட்டு அணைத்துக்கொண்டு, யார் பக்கத்தில் வந்தாலும் மேலே பார்த்து, “எடுத்துராதம்மா, எடுத்துராத” என்றாள். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் சுகந்தாமணிக்கு எந்த நாயின் பசி இது என்று விளங்கியது, அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

நாங்கள் நல்லவர்கள்தான். ஆளுக்கொரு கோயில் பெயர் சொன்னோம். வடை சுடும்போதும் மீன் வறுக்கும்போதும் அந்தப் பக்கத்துச் சன்னலைச் சாத்திக்கொண்டோம், பிள்ளை வாசனைக்கு ஏங்கிவிடக் கூடாதே என்றுதான், அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா, “கொஞ்சம் தேறுனதுக்கு அப்பறம் அனுப்புங்க” என்றார். சேலத்துப் பெரிய டாக்டர் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பசி, வேறொன்றுமில்லை என்றார். அது எங்களுக்கும் தெரிந்திருந்தது. சுகந்தாமணி வாசலில் உடைந்த சட்டி வைத்துப் பார்த்தாள், மிச்சம் போட்டுக் கையைத் தட்டிப் பார்த்தாள், பசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிதுனாவின் கை புடலங்காய்ப் பிஞ்சு போல ஆகிவிட்டது. நாச்சிமுத்து ஒருநாள் டெம்போவின் ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு, பசிக்குச் சொந்தமான நாயை அடித்துக் கொன்றுவிடுவதென்று கூண்டுக்குப் போனான். அது நிறைந்த வயிறோடு மெதுவாக எழுந்து வந்து அவன் கையை நக்கிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அவன் கம்பியைக் கீழே போட்டுவிட்டுக் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“அத அடிச்சு என்னத்துக்குடே?” என்று ஐசக் வந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். “பசிக்கு இப்ப அந்த நாயவே அடையாளம் தெரியாது. லாரியில அடிபட்டுச் செத்த நாயோட பசி இன்னமும் சந்தையில சுத்திக்கிட்டு இருக்கு. அது தானா எறங்கி வேற எடத்துக்குப் போனாத்தான் உண்டு. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டு கிண்ணம் ஒண்ணுதான். வச்சுப் பாப்போம்.”

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு விடுமுறை, பிற்பகலில் நான்கு பேரும் கூண்டு முற்றத்துக்குப் போனார்கள். கிண்ணம் வைக்கும் இடங்களைத் தரையில் மஞ்சள் பெயிண்டால் கட்டம் போட்டிருந்தார்கள். இடது கட்டத்தில் மிதுனாவை உட்காரவைத்தார்கள். வலது கட்டத்தில் ஈரல் வறுவல் வைத்தார்கள். சுகந்தாமணி தன் வழக்கப்படி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மிதுனாவின் மடியிலிருந்து நகச் சத்தம் இறங்கி வலது பக்கம் போனது, ஒரு மூச்சு மோந்தது, திரும்பி வந்து ஏறிக்கொண்டது. நெய்ச் சோறு வைத்தார்கள், போய்விட்டுத் திரும்பியது. எந்த நாயும் தள்ளாத ருசிப்பொடி என்று கம்பெனி பூட்டி வைத்திருந்ததை ஐசக் யாரையும் கேட்காமல் பூட்டைத் திறந்து எடுத்து வந்து மூட்டையோடு கொட்டினார், வேலை போனால் போகட்டும் என்றார். அதையும் மோந்துவிட்டுத் திரும்பியது. கடைசியில் அவரே கட்டத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஈர மூக்கு பட்டது, அவ்வளவுதான். நாச்சிமுத்து உட்கார்ந்தான். இரண்டு கையையும் விரித்து, “வா சாமி, எங்கிட்ட வா, நான் வளத்தறேன் உன்னய, என்ற ஒடம்ப எடுத்துக்கோ” என்று கெஞ்சினான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பசியை ஒரு ஆண்பிள்ளை சாமி என்று கூப்பிட்டு அழுவதைக் கேட்டபடி சுகந்தாமணி சுவரைப் பார்த்து நின்றாள். கிண்ணம் வைக்கிறவள் கிண்ணமாக முடியாது என்பது அத்தனை வருஷ வேலையில் அவள் எலும்பில் ஊறியிருந்தது, ஐசக்குக்கும் ஊறியிருந்தது, இருவரில் ஒருவருக்கும் அந்த யோசனையே வரவில்லை.

“வலிக்குதும்மா” என்றாள் மிதுனா.

சுகந்தாமணி திரும்பிவிட்டாள். விதியை மறந்து, சுவருக்கு முதுகைக் காட்டி, மகளை நேராகப் பார்த்தாள். முற்றத்தில் நகச் சத்தம் நின்றது. பிறகு கட்டத்தைவிட்டு வெளியே, எந்தச் சோதனையிலும் போகாத வழியில், அவளை நோக்கி வந்தது. அவள் நாச்சிமுத்துவை எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டு வலது கட்டத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு நாயின் கனம் ஏறியது, சுருண்டது, உள்ளே இறங்கியது. இத்தனை நாள் அவள் கையால் எடுத்த கிண்ணமெல்லாம் எங்கே போயிற்று என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. வயிற்றில் ஆரம்பித்துக் கண்வரைக்கும் ஒரு பள்ளம் விழுந்தது.

மிதுனா தகப்பன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வறுவலிலிருந்து எடுத்துக் கையில் இறுக்கி வைத்திருந்த ஈரல் துண்டு நழுவித் தரையில் விழுந்தது. பிள்ளை உணவைக் கைவிட்டு எத்தனையோ நாளாகிறது, நாச்சிமுத்து சிரிப்பும் அழுகையுமாக, “தூங்கீருச்சு பாரு, தூங்கீருச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சுகந்தாமணி அந்தத் துண்டை மண்ணோடு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றபடியே கேட்டாள். “நாளைக்கு மாத்தி வெக்கோணுமுங்களே, டாக்டரு?”

ஐசக் ஆமென்று தலையசைத்தார்.

“வெக்காம உட்டா?”

“பழகுனது அப்படியாக்கும். காலையில எந்திரிச்சு அந்தப் பக்கம் எதுன்னு தேடும். ஓங்கிட்ட இருந்து எறங்கிப் புள்ளைட்ட போவும். மறுநாளு திரும்பும். பொறவு மறுபடியும் போவும்.”

“நாளு மாத்தி நாளா? எம்புள்ள தாங்காதுங்க.” அவள் ருசிப்பொடியைக் கைநிறைய அள்ளினாள். “தேடற எடத்துல அந்தப் பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்லீன்னா?”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அதுவே பதிலாக இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் சுகந்தாமணி ஊரைவிட்டுப் போனாள். தூங்குகிற மகளை அவள் எழுப்பவில்லை, தொடவுமில்லை, தொட்டால் உள்ளே இருக்கும் பசி பிள்ளையின் வாடையைப் பிடித்துக்கொள்ளுமோ என்று வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுகொண்டு நின்றவளைப் பார்த்து எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அப்போதுதான் சன்னல்களைத் திறந்தோம். மூடி வைத்திருந்த வடை, வறுத்த மீன், பலகாரம், சட்டியோடு சோறு என்று ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம், பஸ் நகரும்வரை சன்னல் கம்பிவழியாகத் திணித்தோம், அவள் வாங்கி வாங்கித் தின்றாள், நன்றியும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. எங்களுக்கு வெட்கமாக இருந்தது. நாலு நாள் முன்னால் அந்தப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுப்பக்கம் ஒருவர்கூடப் போகவில்லையே என்று சலூன்காரர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். பிறகு எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

இப்போது சுகந்தாமணி மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள். பாதிக் கூலி போதும், பந்தியில் மிஞ்சுவது வேண்டும் என்று சொல்லிச் சேர்ந்தாளாம். மண்டபத்துக்குப் பின்னால் இலை கொட்டும் இடத்தில் அந்த ஊர் நாய்கள், பசியை இன்னும் தொலைக்காத நாய்கள், முதலில் அவளைப் பார்த்து உறுமின, பிறகு ஒதுங்கி இடம் விட்டன. எத்தனை தின்றாலும் அவள் உடம்பில் ஒட்டுவதில்லை. ஆனால் உயிரோடிருக்கிறாள், வேலை செய்கிறாள், வாரம் தவறாமல் பிள்ளைக்கு வளையலோ ரிப்பனோ வாங்கி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறாள். தின்னும் பண்டம் எதையும் அனுப்புவதில்லை.

மிதுனா தேறிவிட்டாள். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறாள், அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டு முதலில் அழுதாள், இப்போது கேட்பதில்லை. நாச்சிமுத்து பொழுதோடு வீடு வந்து சமைக்கிறான். சாப்பாட்டு நேரத்துக்கு மதுரைக்கு போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி, தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறான். போன்வழியாகப் பசி வராது என்று ஐசக் பைபிள் மேல் கையை வைத்துச் சொன்ன பிறகுதான் சுகந்தாமணி இதற்குச் சம்மதித்தாள்.

“அம்மா, சாப்ட்டியா?” என்று பிள்ளை கேட்கும்.

“சாப்புட்டன் சாமி, வயிறு நெறயச் சாப்புட்டன். நீ சாப்புடு, நான் கேட்டுட்டே இருக்கறன்.”

அங்கே அவளுக்கு முன்னால் இலைகள் குவிந்திருக்கும், பாதி தின்ற ஜாங்கிரி, வெண்டைக்காய்ப் பொரியல், யாரோ ஒதுக்கிய சோறு. உள்ளே இருப்பது அவள் குடலைப் பிறாண்டும், வாய் தானாகத் திறந்து திறந்து மூடும், நாய்கள் தின்றபடி அவளை ஓரக்கண்ணால் பார்க்கும். அவள் இலையைத் தொடமாட்டாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நூறு மைலுக்கு அப்பால் தட்டில் விரல் உரசுவதை, தண்ணீர் குடிப்பதை, நாச்சிமுத்து கரண்டியால் சோறு எடுப்பதை, எதையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“இன்னொரு வாய் வெக்கட்டுமா கண்ணு?” என்பான் நாச்சிமுத்து.

பிள்ளை உடனே பதில் சொல்லாது, யோசிக்கும், அதற்கு எங்கே தெரியும், அங்கே ஒருத்தி மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று.

“போதும்ப்பா” என்கிறாள் மிதுனா, தட்டைத் தள்ளிவிட்டு விளையாட ஓடுகிறாள்.